ஒளி வைத்தியமும் விபூதி வைத்தியமும்

(ஐயப்பன்தாங்கலில் நடந்த பகுத்தறிவாளர் கூட்டமொன்றில் செய்யப்பட்ட சொற்பொழிவு)



இன்றைய தினம் நான் பேச வேண்டுமென்று கேட்கப்பட்ட விஷயம், "ஒளியைக் கொண்டு புற்றுநோயைத் தீர்க்க முடியுமா?" என்பதாகும். நான் வைத்தியனல்ல. ஆராய்ந்தவர்கள் எழுதியதைப் படித்து, எனக்குத் தெளிவாக விளங்கியதை மாத்திரமே உங்கள் முன் வைக்கப் போகிறேன். இதை அவையடக்கத்துக்காகச் சொல்லவில்லை. உடம்பு சம்பந்தப்பட்ட விஷயத்தில் தெரியாததைத் தெரிந்ததாகச் சொல்லுகிறவன் திருடனைவிடப் பொல்லாதவன். திருடன் பணத்தைக் கொண்டு போவான். இவன் நோயாளியின் நாட்களைக் கொண்டு போகிறான். பணத்தைத் திரும்பச் சம்பாதித்துக் கொள்ளலாம்.

இந்த ஊரின் பெயரிலேயே ஒரு சாமி ஏறி உட்கார்ந்து கொண்டிருக்கிறார். ஆனால் பெயரின் பின்பாதியைக் கவனியுங்கள். தாங்கல் என்றால் மழைத்தண்ணீரைத் தேக்கி நிறுத்தி வயலுக்கு விடும் சிற்றேரி. ஏரி வெட்டியவன் மனிதன். கரை கட்டிக் காத்தவன் மனிதன். பெயர் மட்டும் சாமிக்கு! நம் ஜனங்களின் வைத்தியக் கதையும் ஏறக்குறைய இதுதான். இரவெல்லாம் கண் விழித்தவர்கள் டாக்டரும் நர்சும். நோய் தீர்ந்த பிறகு மொட்டை போட்டுக் கொள்ளுவது வேறொருவருக்கு.

சரி, விஷயத்துக்கு வருவோம். இந்தப் பேச்சு எதற்காக ஏற்பட்டது என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். நம் தோழர் ஒருவர், லாரி ஷெட்டில் வேலை செய்கிறவர், இந்தக் கூட்டத்திலேயே உட்கார்ந்திருக்கிறார். அவருடைய அனுமதியின் பேரில்தான் சொல்லுகிறேன். பொட்டலப் புகையிலையைக் கன்னத்தில் அடக்கும் வழக்கம் அவருக்கு இருபது வருஷமாக உண்டு. கன்னத்தின் உட்புறம் ஒரு புண் வந்தது, ஆறவில்லை. ஆஸ்பத்திரியில் கொஞ்சம் சதை எடுத்துப் பரிசோதித்து, புற்றுநோய்தான், ஆனால் இன்னும் பரவவில்லை, உடனே ஆபரேஷன் செய்து கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். வீட்டாரோ வேப்பிலை அடிக்க வேண்டும், மந்திரித்த விபூதியைப் புண்ணில் தடவ வேண்டும் என்றார்கள். தோழர் நம் கூட்டங்களுக்குப் பல வருஷமாக வருகிறவரல்லவா? விபூதியைத் தூக்கி எறிந்துவிட்டார். அது வரைக்கும் நமக்குச் சந்தோஷம்தான்.

ஆனால் ஆபரேஷனுக்கும் அவர் போகவில்லை! ஏன் என்று கேட்டேன். கைப்பேசியை எடுத்து ஒரு படத்தைக் காட்டினார். "நானோ துகள் என்று ஒன்று கண்டுபிடித்திருக்கிறார்கள், அதை ஊசியில் ஏற்றி வெளிச்சத்தைப் பாய்ச்சினால் புற்று கரைந்து போகுமாம், கத்தி வேண்டாமாம், அது நம்மூருக்கு வரட்டும் என்று காத்திருக்கிறேன்" என்கிறார். இப்படியே ஆறு வாரம் கழிந்துவிட்டது.

தோழர்களே! விபூதிக்காகக் காத்திருப்பதும் விஞ்ஞானத்துக்காகக் காத்திருப்பதும் கன்னத்துப் புண்ணுக்கு ஒன்றுதான். அது இரண்டு இடத்திலும் ஒரே வேகத்தில்தான் வளரும். ஆகையால், அந்தப் படத்தில் சொல்லப்பட்டது முழுப் பொய்யா, முழு மெய்யா, எவ்வளவு தூரம் மெய் என்பதை இன்று பார்த்துவிடுவோம்.

முழுப் பொய்யல்ல என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். வெகு அழகான, வெகு உழைப்பினால் வந்த சங்கதி அது.

ஜெர்மனியில் மூனிச் நகரத்தில் ஆஸ்கர் ராப் என்று ஒரு மாணாக்கன் இருந்தான். ஹெர்மன் வான் டாப்பைனர் என்ற பேராசிரியரிடம் படித்தவன். 1897-98இல் அவனுக்குக் கொடுக்கப்பட்ட வேலை என்னவென்றால், அக்ரிடின் என்னும் சாயப்பொருளைத் தண்ணீரில் கலந்து, அதில் பாரமீசியம் என்னும் கண்ணுக்குத் தெரியாத சிற்றுயிர்களை விட்டு, அவை எவ்வளவு நேரத்தில் சாகின்றன என்று பார்ப்பது. மலேரியாவுக்கு மருந்து தேடிய காலம் அது. ஒரே சாயம், ஒரே அளவு, ஒரே உயிர். ஆனால் கணக்கு ஒத்து வரவில்லை. ஒரு நாள் சீக்கிரம் செத்தன. வேறொரு நாள் நெடுநேரம் உயிரோடிருந்தன. அந்த வேறொரு நாளில் என்ன விசேஷம் என்று யோசித்துப் பார்த்தான். அன்றைக்கு இடியும் மழையுமாக இருந்தது.

நம் நாட்டில் அன்றைக்கு ஒருவன் இதைக் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பான்? இந்திரனுக்குக் கோபம் என்றிருப்பான். அல்லது பஞ்சாங்கத்தைப் புரட்டி, நட்சத்திரம் சரியில்லை, சாந்தி செய்ய வேண்டும், தட்சணை இவ்வளவு என்றிருப்பான். அந்தப் பையன் அப்படிச் செய்யவில்லை. மேகம் மூடினால் அறையில் வெளிச்சம் குறையும். ஒருவேளை வெளிச்சத்துக்கும் இந்தச் சாவுக்கும் சம்பந்தம் இருக்குமோ என்று சந்தேகப்பட்டான். சந்தேகத்தோடு நிற்காமல் இருட்டில் வைத்துப் பார்த்தான். சாயம் மட்டும் கொல்லவில்லை. சாயமில்லாமல் வெளிச்சத்தில் வைத்துப் பார்த்தான். வெளிச்சம் மட்டும் கொல்லவில்லை. இரண்டும் சேர்ந்தால்தான் கொன்றது. 1900இல் அதை எழுதி வெளியிட்டான். நாம் இன்று பேசுகிற ஒளி வைத்தியம் முழுவதும் அந்த இடிமழை நாளில் பிறந்த சந்தேகத்தின் பேரப்பிள்ளைதான்.

பிறகு 1903இல் டாப்பைனரும் அவருடைய கூட்டாளியும் இயோசின் என்ற சாயத்தைத் தோல் புற்றின் மேல் தடவி வெளிச்சத்தைக் காட்டிப் பார்த்தார்கள். சாயம் ஒளியை வாங்கி, அந்தச் சக்தியைப் பக்கத்திலிருக்கும் பிராணவாயுவுக்குக் கொடுக்கிறது. நம்மை உயிரோடு வைத்திருக்கும் அதே பிராணவாயு ஒரு கணத்தில் வெறி கொண்டதாக மாறி, அருகிலிருக்கும் அணுவறையைத் தாக்குகிறது. அந்த வெறி வெகு சொற்ப நேரம்தான் நிற்கும். ஆகையால் அது தூரம் போய்க் கெடுதல் செய்யாது. எங்கே சாயமும் ஒளியும் சேருகிறதோ அங்கேதான் சாவு. இதுதான் இதன் சிறப்பு.

1912இல் பிரடெரிக் மேயர்-பெட்ஸ் என்ற டாக்டர் ஒரு காரியம் செய்தார். இரத்தத்திலிருந்து எடுக்கப்படும் ஒரு சாயத்தை, 200 மில்லிகிராம், தன் நரம்பிலேயே ஏற்றிக் கொண்டு வெயிலில் போய் நின்றார். முகம் அடையாளம் தெரியாமல் வீங்கிப் போய்விட்டது. இரண்டு மாதத்துக்கு மேல் வெயில் பட்டால் ஆகாத உடம்பாக இருந்தது. அவர் அதை மறைக்காமல், வீங்கிய முகத்தைப் படமும் எடுத்து வெளியிட்டார். நம் ஊரில் தீ மிதிக்கிறவர்களும் அலகு குத்திக் கொள்ளுகிறவர்களும் உண்டு. உடம்பை வருத்திக் கொள்ளுவதில் நாம் யாருக்கும் குறைந்தவர்களல்ல. ஆனால் வருத்திக் கொண்டு கண்டுபிடித்தது என்ன என்று கேட்டால் பதில் இல்லை. அவர் பட்ட கஷ்டத்தினால், மருந்து உடம்பில் எவ்வளவு நாள் தங்குகிறது என்று உலகத்துக்குத் தெரிந்தது.

அமெரிக்காவில் பஃபலோ நகரத்தில் தாமஸ் டோகர்ட்டி என்பவரும் அவருடைய கூட்டத்தாரும் 1978இல் ஒரு கணக்குக் கொடுத்தார்கள். தோலிலும் தோலுக்கடியிலும் இருந்த 113 புற்றுக் கட்டிகளில் 111 கட்டிகள் முழுவதுமோ ஓரளவோ கரைந்தன என்று. அதன் பிறகும் உடனே கடையில் விற்றுவிடவில்லை. பதினைந்து வருஷம் பரீட்சை நடந்து, 1993இல் கனடா சர்க்காரும், 1995இல் உணவுக்குழல் புற்றுக்காக அமெரிக்க சர்க்காரும் அனுமதி கொடுத்தன. ராப் எழுதியதிலிருந்து கணக்குப் பார்த்தால் தொண்ணூற்று மூன்று வருஷம்! ஒரே நாளில் குணம் என்று சுவரொட்டி ஒட்டுகிறவர்களை நம்புகிற நாம் இந்தத் தொண்ணூற்று மூன்றைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்க வேண்டும்.

இனி நானோ என்னும் வார்த்தைக்கு வருவோம். இப்போது சோப்புக்கும் நானோ, சட்டைக்கும் நானோ என்றாகிவிட்டது. ஒரு மீட்டரை நூறு கோடி பங்காக்கினால் அதில் ஒரு பங்குக்கு நானோமீட்டர் என்று பெயர். நம் தலைமயிர் ஒன்றின் கனம் சுமார் 80,000 நானோமீட்டர். நூறு நானோமீட்டர் அளவுள்ள துகள்களை ஒரு மயிரின் குறுக்கே வரிசையாக வைத்தால் எண்ணூறு பிடிக்கும். அவ்வளவுதான், வேறு மாயமில்லை.

ஆனால் அவ்வளவு சிறிதாகும்போது சில பொருள்களின் குணம் மாறுகிறது. தங்கம் மஞ்சள் என்று நமக்குத் தெரியும். அதை மிகமிகச் சிறிய துகளாக்கித் தண்ணீரில் மிதக்கவிட்டால் மாதுளம்பழச் சாறு போலச் சிவப்பாகிறது. இதைக் குப்பியில் வைத்துக் காட்டி, துகளின் சிறுமைதான் நிறத்துக்குக் காரணமென்று 1857இல் சொன்னவர் மைக்கேல் பாரடே. அவர் யார்? கொல்லர் வீட்டுப் பிள்ளை. புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலை பழகிய பையன். பைண்டு செய்ய வந்த புத்தகங்களைப் படித்தே விஞ்ஞானியானவர். கொல்லன் மகனுக்குச் சாஸ்திரம் எதற்கு என்று கேட்கும் தேசத்தில் பிறந்திருந்தால் அவர் கடைசி வரைக்கும் அட்டைதான் ஒட்டிக் கொண்டிருந்திருப்பார். இங்கே அப்படி எத்தனை பாரடேக்கள் அட்டை ஒட்டிச் செத்தார்களோ!

தங்கத் துகள் ஒளியை விழுங்கும்; விழுங்கிய ஒளியை உஷ்ணமாக்கும். இதுதான் இரண்டாவது வழி. முதல் வழியில் பிராணவாயுவை வெறி கொள்ள வைத்துக் கொல்லுகிறோம். இரண்டாவது வழியில் சுட்டே கொல்லுகிறோம். ஆனால் உடம்புக்குள் ஒளி எப்படிப் போகும் என்று கேட்பீர்கள். வீட்டுக்குப் போனதும் விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சு லைட்டை உள்ளங்கையில் அழுத்தி வைத்துப் பாருங்கள். கையின் மறுபக்கம் சிவப்பாகத் தெரியும். பச்சையாகவோ நீலமாகவோ தெரியாது. மற்ற நிறங்களை இரத்தமும் சதையும் தின்றுவிடுகின்றன. சிவப்பு மட்டும் தப்பி வெளியே வருகிறது. சிவப்புக்கு அடுத்தாற் போல, நம் கண்ணுக்குத் தெரியாத ஒளி ஒன்று இருக்கிறது. அது இன்னும் கொஞ்சம் ஆழமாகப் போகும். அந்த ஒளியை மட்டும் விழுங்கும்படியான துகளைச் செய்துவிட்டால், சதை சுடாது, துகள் இருக்கும் இடம் மட்டும் சுடும்.

அமெரிக்காவில் ரைஸ் சர்வகலாசாலையைச் சேர்ந்த நவோமி ஹாலஸ், ஜெனிஃபர் வெஸ்ட் என்ற இரண்டு பெண்கள் இதைத்தான் செய்தார்கள். மணல் எதனால் ஆனதோ அந்தச் சிலிக்காவினால் நுண்ணிய உருண்டை செய்து, அதன் மேல் தங்க முலாம் பூசினார்கள். முலாமின் கனத்தைக் கூட்டிக் குறைத்தால், எந்த ஒளியை விழுங்க வேண்டுமென்று நாமே தீர்மானிக்கலாம். 2003இல் எலிகளின் கட்டியில் செலுத்திக் காட்டினார்கள். பதினாறு வருஷம் கழித்து, 2019இல், மனிதரில் செய்த முதல் பரீட்சையின் முடிவு வெளிவந்தது. ஆண்களுக்கு மூத்திரப்பையின் கீழ் இருக்கும் பிராஸ்டேட் சுரப்பியில் புற்று வந்த 16 பேர். துகளை நரம்பில் ஏற்றி, ஒளி கொண்டு போகும் மெல்லிய இழையை ஊசி வழியாகச் சுரப்பிக்குள்ளேயே நுழைத்தார்கள். 15 பேருக்குச் சிகிச்சையைச் செய்து முடிக்க முடிந்தது. பெண்கள் மாதவிலக்கு நாளில் அடுப்பங்கரைக்குள் வரலாமா என்று நாம் பஞ்சாயத்துப் பேசிக் கொண்டிருக்கும் காலத்தில், இரண்டு பெண்கள் செய்த வேலை இது!

நம் தேசத்திலும் கை கட்டி உட்கார்ந்திருக்கவில்லை. பம்பாய் ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் ரோகித் ஸ்ரீவஸ்தவாவின் கூட்டத்தாரும், டாட்டா நினைவு மையத்தைச் சேர்ந்த அபிஜித் டேயின் கூட்டத்தாரும் சேர்ந்து 2015இல் ஒன்று வெளியிட்டார்கள். அதில் முதல் பெயர் அரவிந்த் குமார் ரங்கன் என்பவருடையது. அவர்கள் எடுத்துக் கொண்ட கேள்வி எனக்கு மிகவும் பிடித்தமானது. புற்றைச் சுட்டாகிவிட்டது, சரி, அந்தத் தங்கம் பிறகு எங்கே போகும்? ஈரலில் தங்கிவிட்டால் என்ன ஆகும்? ஆகவே கெட்டி உருண்டைக்குப் பதிலாக, கொழுப்பினால் ஆன லிப்போசோம் என்னும் நுண்ணிய குமிழியின் மேல் தங்கம் பூசினார்கள். வேலை முடிந்ததும் குமிழி சிதைகிறது; தங்கமும் சிறு துண்டுகளாகி ஈரல், சிறுநீரகம் வழியாக வெளியேறுகிறது. கட்டியும் கரைந்தது. யாருக்கு? எலிக்கு. இந்தக் கடைசி வார்த்தையைத்தான் கைப்பேசிப் படங்கள் சொல்லாமல் விழுங்கிவிடுகின்றன. எலிக்குக் குணமானது மனிதனுக்கு ஆகாமல் போனதற்கு வைத்திய சரித்திரத்தில் எத்தனையோ உதாரணமுண்டு.

இப்போது இதிலிருக்கும் கஷ்டங்களைச் சொல்லுகிறேன். விளம்பரக்காரன் சொல்ல மாட்டான், ஆராய்ச்சிக்காரர்களே சொல்லியிருக்கிறார்கள். 2016இல் கனடாவில் டொரண்டோவைச் சேர்ந்தவர்கள், அதற்கு முந்தின பத்து வருஷங்களில் வெளியான நானோ துகள் ஆராய்ச்சிகளையெல்லாம் திரட்டிக் கணக்குப் பார்த்தார்கள். உடம்பில் செலுத்திய துகளில் கட்டிக்குப் போய்ச் சேருவது எவ்வளவு? நடுத்தரமாக நூற்றுக்கு 0.7. அதாவது ஆயிரத்துக்கு ஏழு! ஆயிரம் கடிதம் போட்டு ஏழு மட்டும் விலாசத்துக்குப் போய்ச் சேர்ந்தால் தபாலாபீசை என்ன சொல்லுவோம்? மீதித் துகள்களில் பெரும்பாலானவற்றை ஈரலும் மண்ணீரலும் பிடித்து வைத்துக் கொள்ளுகின்றன. தங்கள் தொழிலின் பெரிய குறையைத் தாங்களே கணக்குப் போட்டு உலகமறிய வெளியிட்டார்கள் பாருங்கள், அதைத்தான் நான் விஞ்ஞானம் என்பேன். எந்தக் கோயிலிலாவது, இத்தனை பேர் வேண்டிக் கொண்டார்கள், இத்தனை பேருக்குப் பலிக்கவில்லை என்று பலகை எழுதி மாட்டியிருக்கிறார்களா?

ஒளியும் அப்படித்தான். சதைக்குள் சில மில்லிமீட்டர், மிஞ்சினால் ஒரு சென்டிமீட்டர் அளவுக்குத்தான் உபயோகமான பலத்தோடு போகும். ஆழத்தில் இருக்கும் கட்டிக்கு இழையை உள்ளே நுழைக்க வேண்டும். உடம்பெங்கும் பரவிவிட்ட புற்றுக்கோ, எங்கெங்கே என்று விளக்குப் பிடிப்பது? ஆகையால் ஓரிடத்தில் இருக்கும், ஒளி எட்டக்கூடிய கட்டிக்குத்தான் இது.

வாய்க்குள் ஒளி எட்டுமே என்று நம் தோழர் கேட்கிறார். நியாயமான கேள்வி. தலை, கழுத்துப் பாகத்துப் புற்றுக்கு ஒளியால் தூண்டப்படும் மருந்து ஒன்றுக்கு ஐரோப்பாவில் 2001இலேயே அனுமதி கொடுத்தார்கள். அது நானோ துகளல்ல. ஊசி மூலம் ஏற்றும் சாய மருந்துதான். யாருக்கென்று கொடுத்தார்கள்? நோய் முற்றி, முன் செய்த சிகிச்சைகள் பலிக்காமல், கத்தியும் கதிரும் மருந்தும் இனி உதவாது என்று ஆனவர்களுக்கு, உபத்திரவத்தைக் குறைப்பதற்காக. தோழரே! உங்களுக்குக் கத்தி உதவும் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். கத்தி உதவாத நிலைமைக்கு நீங்களே நடந்து போய், பிறகு வெளிச்சத்தைத் தேட வேண்டுமா?

இன்னொரு கூட்டத்தாரைப் பற்றியும் இங்கே சொல்ல வேண்டியிருக்கிறது. நானோ என்ற வார்த்தை வந்ததும், "இதெல்லாம் எங்கள் முன்னோர்கள் அன்றே கண்டது, தங்க பஸ்பம் என்பது நானோ துகள்தான்" என்று புறப்பட்டுவிட்டார்கள். ஆகாய விமானமும் அன்றே இருந்தது, அணுகுண்டும் அன்றே இருந்தது என்று சொல்லுகிறவர்களுக்கு இது மட்டும் கஷ்டமா? தங்க பஸ்பத்தைப் பெரிய மைக்ராஸ்கோப்பில் பார்த்து, அதில் நானோ அளவுத் துகள் உண்டு என்று சிலர் எழுதியிருப்பது வாஸ்தவம். இருக்கட்டுமே! அடுப்புப் புகையிலும் அதே அளவுத் துகள் இருக்கிறது. அதற்காகப் புகைக்கூண்டை நக்கினால் நோய் தீருமா? சிறிதாக இருப்பதே மருந்தாகிவிடாது. யாருக்குக் கொடுத்தோம், கொடுக்காதவருக்கு என்ன ஆயிற்று, எத்தனை பேர் பிழைத்தார்கள் என்ற கணக்குத்தான் மருந்தா இல்லையா என்று சொல்லும். கணக்குக் கேட்டால், "இது பரம்பரை ரகசியம்" என்கிறார்கள். 2004இல் அமெரிக்காவில் பாஸ்டன் நகரத்துக் கடைகளில் விற்ற நம் நாட்டு ஆயுர்வேத மருந்துகளில் 70ஐ வாங்கிப் பரிசோதித்தபோது 14இல் ஈயமோ பாதரசமோ பாஷாணமோ இருந்ததாகக் கண்டார்கள். இந்த ரகசியத்தையாவது அவர்கள் வாங்குகிறவனுக்குச் சொல்லியிருக்கலாம்.

நம் முன்னோர்களுக்கு ஒன்றுமே தெரியாது என்று நான் சொல்ல வரவில்லை. கார்போகரிசியை உபயோகித்து வெயிலில் உட்கார்ந்தால் தோலின் வெள்ளைத் திட்டில் நிறம் திரும்புகிறது என்று இந்த நாட்டில் யாரோ வெகு காலத்துக்கு முன்பே கவனித்திருக்கிறார்கள். அதுவும் ஒளி வைத்தியம்தான். அவர் பெயர்கூட நமக்குத் தெரியாது, கெட்டிக்காரர். இன்றைய தோல் டாக்டர்கள் அந்த விதையிலிருக்கும் சோரலென் என்னும் சரக்கைக் கணக்காக அளந்து, கணக்கான ஒளியோடு உபயோகித்திருக்கிறார்கள். கேள்வி என்னவென்றால், முதலில் கவனித்த நாம் ஏன் அங்கேயே நின்றுவிட்டோம் என்பதுதான். அப்பன் மகனுக்கு மட்டும் சொல்லுவது, மகன் சத்தியம் செய்து மறைப்பது, மற்ற ஜாதியான் கேட்டால் துரத்துவது, எழுதினாலும் யாருக்கும் புரியாமல் எழுதுவது என்று இருந்தால் அறிவு எப்படி வளரும்? மூனிச் பையன் கண்டதை மூன்றாம் வருஷம் உலகமே படித்தது.

நம்மூரில் ஒளிவு மறைவில்லாமல், கணக்கோடு புற்றுநோய்க்கு வைத்தியம் நடக்க வேண்டுமென்று பாடுபட்டவர் யார் என்பதையும் இந்த இடத்தில் நினைத்துக் கொள்ள வேண்டும். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியைத் தேவதாசி முறையை ஒழிக்கச் சட்டசபையில் போராடியவராக நம் இயக்கத்தார் அனைவரும் அறிவோம். அவருடைய தங்கை புற்றுநோயினால் இறந்தார். கூடப் பிறந்தவள் கண் முன்னே சாவதைப் பார்த்த அந்த டாக்டர், விதி என்று உட்காரவில்லை. இந்த ஊருக்கு ஒரு புற்றுநோய் ஆஸ்பத்திரி வேண்டும் என்று தீர்மானித்தார். அதைக் கேட்டுச் சர்க்காரிடம் போனபோது, புற்றுநோய் வந்தவர்கள் எப்படியும் சாகப் போகிறவர்கள்தானே, அவர்களுக்கு ஆஸ்பத்திரி எதற்கு என்று ஒரு மந்திரி கேட்டதாக டாக்டர் சாந்தா சொல்லுவதுண்டு. அதற்கெல்லாம் சளைக்காமல் பணம் திரட்டி 1954இல் அடையாற்றில் 12 படுக்கையோடு தொடங்கினார். மகன் டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும், 1955இல் சேர்ந்து 2021இல் சாகும்வரை அங்கேயே உழைத்த டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். எந்தக் குலத்துப் பெண்களைப் பொட்டுக் கட்டி சாமிக்கு விட வேண்டுமென்று சாஸ்திரம் சொல்லிற்றோ, அந்தக் குலத்துத் தாய் வயிற்றில் பிறந்தவர் கட்டிய ஆஸ்பத்திரிக்கு இன்று எல்லா ஜாதியாரும் சீட்டு வாங்கிக் கொண்டு வரிசையில் நிற்கிறார்கள். அதே 1954இல்தான் புற்றுநோயைத் தீர்ப்பேன் என்று விளம்பரம் செய்வதைக் குற்றமாக்கும் மத்திய சர்க்கார் சட்டமும் வந்தது. சட்டம் புஸ்தகத்தில் இருக்கிறது; விளம்பரம் சுவரில் இருக்கிறது.

ஒரு விஷயம் வேடிக்கையானது. அடையாற்று ஆஸ்பத்திரியில் 1957இல் கோபால்ட் கதிர் இயந்திரம் வைத்தார்கள். நம் ஜனங்கள் அந்தச் சிகிச்சையைக் கரண்டு வைப்பது என்கிறார்கள். அது கரண்டு அல்ல. அதுவும் ஒரு ஜாதி ஒளிதான், கண்ணுக்குத் தெரியாத, உடம்பை ஊடுருவிப் போகும் ஒளி. ஆகவே ஒளி வைத்தியம் வரட்டும் என்று காத்திருக்கும் தோழருக்குச் சொல்லுகிறேன்: அது அறுபது வருஷத்துக்கு மேலாக நம் பக்கத்திலேயே நடந்து வருகிறது. ஆபரேஷனுக்குப் பிறகு தேவைப்பட்டால் அதையும் வைப்பார்கள்.

2022ஆம் வருஷக் கணக்குப்படி இந்தியாவில் புதிதாகப் புற்றுநோய் கண்டவர்கள் 14 லட்சம் பேர்; செத்தவர்கள் 9 லட்சம் பேர். வாய்ப்புற்று மட்டும் ஒன்றரை லட்சத்துக்குக் கொஞ்சம் குறைவு. வாய்ப்புற்றுக்குப் பெரும் காரணம் புகையிலை. குட்காவை 2013இல் இந்த மாகாணத்தில் தடை செய்தார்கள். பெட்டிக்கடையில் கேட்கிற மாதிரிக் கேட்டால் இன்றும் கிடைக்கிறது. தங்க உருண்டை எப்போது வருமோ வரட்டும், கன்னத்தில் அடக்கிய உருண்டையை இன்றைக்கே துப்பிவிடலாம். அதற்கு ஆராய்ச்சி வேண்டியதில்லை.

பணத்துக்கு என்ன செய்வது என்று தோழரின் மனைவியார் கேட்டார்கள். காஞ்சிபுரத்துக்கு அருகில் காரப்பேட்டையில் அண்ணா பெயரால் சர்க்கார் புற்றுநோய் ஆஸ்பத்திரி இருக்கிறது. ராயப்பேட்டையிலும் சர்க்கார் ஆஸ்பத்திரியில் பார்க்கிறார்கள். முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்குப் புற்றுநோய் ஆபரேஷன் உண்டு. அட்டை இல்லாவிட்டால் வருமானச் சான்று வாங்க நம் தோழர்கள் இரண்டு பேர் கூட வருவார்கள். இது தர்மமல்ல, நாம் கொடுத்த வரிப்பணம், கூச்சப்பட வேண்டியதில்லை.

தலைவர் ஒரு சீட்டைக் கொடுக்கிறார். "ஒளிச் சிகிச்சை செய்து கொண்டால் இருட்டறையில் இருக்க வேண்டுமாமே, உண்மையா?" என்று ஒரு அம்மையார் கேட்டிருக்கிறார். சாய மருந்தினால் செய்யும் முறையில் ஓரளவு உண்மை. 1993இல் அனுமதி பெற்ற மருந்து தோலிலும் தங்குவதால், குறைந்தது 30 நாள் வெயிலிலும் பலமான விளக்கிலும் படாமல் இருக்க வேண்டும். மேயர்-பெட்ஸின் வீங்கிய முகம் சொல்லிக் கொடுத்த பாடம் அது. தங்கத்தினால் சுடும் முறையில் அந்தச் சங்கடம் இல்லை.

இன்னொரு சீட்டும் இருக்கிறது. கையெழுத்தைப் பார்த்தால் யாருடையது என்று தெரிகிறது. "திங்கட்கிழமை எத்தனை மணிக்கு?" என்று மட்டும் எழுதியிருக்கிறது.

காலை 7 மணிக்கு, தோழரே, ஐயப்பன்தாங்கல் பஸ் நிலையத்தில் நிற்கிறேன். சதைப் பரிசோதனைச் சீட்டை மறக்காமல் எடுத்து வாருங்கள்.